மாமனாரின் மூதாதையும் ஆறு மாதக் குழந்தை ஆயரும்

பெல்ஃபாஸ்டில் என் மாமனார் வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் ஜெபமாலை, கழன்றுபோன பித்தளைப் பொத்தான்கள், யாரென்று யாருக்கும் தெரியாத இரண்டு போட்டோக்கள், ஒரு துண்டுக் காகிதம். அந்தக் காகிதத்தில் மாமாவின் பாட்டி பென்சிலால் ஒரு ஊர்ப் பெயரை எழுதி, அதன் கீழே 'நம்மாளுக்கு ஓட்டு இருந்தது' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். (இங்கே மாமனாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், எல்லாரும் அப்படித்தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் மாமா என்று தானாக வந்துவிடுகிறது.)

"ஓட்டு இருந்ததுன்னா பெரிய நிலக்காரங்களா இருந்திருக்கணும்"னு மாமா சொன்னார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒருகாலத்தில் தன் குடும்பத்துக்கு ஊரில் கௌரவம் இருந்தது என்று கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "சரி, பார்த்துடலாம்"னு நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

குடும்பப் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை, மாமாவுக்குப் பிடிக்காது. ஆர்மா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), கத்தோலிக்கக் குடும்பம் என்பது போதும். நான் தேடிய மனிதருக்கு ஜேம்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன், அவர் தம்பிக்கு ஹியூ.

அயர்லாந்தில் வம்சாவளி தேடுகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று இருக்கிறது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளைத் தீ தொடவே இல்லை, அரசாங்கமே முந்திக்கொண்டு அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டையும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கினார்கள். தீவு முழுமைக்கும் முழுசாகக் கையில் இருப்பவை 1901, 1911 இரண்டும்தான். அதற்கு முந்தைய ஆட்களைப் பிடிக்க வேண்டுமென்றால் வரி, வாடகை, ஓட்டு என்று வேறு காரணத்துக்காக எழுதிய பட்டியல்களில்தான் தேட வேண்டும்.

பெல்ஃபாஸ்டில் டைட்டானிக் கப்பல் கட்டிய பகுதியிலேயே வட அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆர்மா, ஆன்ட்ரிம், டவுன், ஃபெர்மனா, டெரி, டைரோன் ஆகிய ஆறு கவுண்டிகளின் 1840-க்கு முந்தைய ஃப்ரீஹோல்டர் (நிலத்தின் பேரில் ஓட்டுரிமை பெற்றவர்) பட்டியல்களையும் வாக்குப் பதிவேடுகளையும் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். குடும்பப் பெயரைத் தட்டினால் பக்கத்தின் படமே வரும். நானும் தட்டினேன். முதல் நாள் ராத்திரியே ஜேம்ஸ் கிடைத்துவிட்டார்: அதே கவுண்டி, அதே குடும்பப் பெயர், சொத்து மதிப்பு ஆண்டுக்கு 50 பவுண்டு. மாமாவுக்கு உடனே போன். அவர் அன்றைக்கு ஒரு ரவுண்டு கூடுதலாகக் குடித்தார் என்று கேள்வி.

அது வேறு ஜேம்ஸ். இது தெரிய மூன்று வாரம் ஆனது.

எங்கே சறுக்கினேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஐரிஷ் ஆவணங்களில் ஒரு ஆளின் அடையாளம் அவர் பெயரை நம்பி இல்லை, அவருடைய டவுன்லேண்டை நம்பி இருக்கிறது. டவுன்லேண்ட் என்பது நிலக் கணக்கின் மிகச் சின்ன அலகு. சிலவற்றில் பத்து வீடு இருக்கும், சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. நாடு முழுக்க 60,000-க்கு மேல். 'பாலி' என்று தொடங்கினால் ஊர், 'டெரி' என்றால் ஓக் மரக்காடு, 'லிஸ்' என்றால் பழைய வட்டக் கோட்டை. கேலிக் மொழிப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டு வைத்தார்கள். ஆள் பெயரும் அப்படித்தான். 'மக்' என்பதை ஒரு எம் போட்டு அதன் தலையில் ஒரு குட்டி சி. ஓ'நீல் பட்டியலுக்குள் நுழையும்போது வெறும் நீல். நான் பிடித்த 50 பவுண்டு ஜேம்ஸ் இரண்டு மைல் தள்ளி இருந்த இன்னொரு டவுன்லேண்டுக்காரர், அநேகமாகப் புராட்டஸ்டண்ட். பாட்டி பென்சிலில் எழுதிய ஊர்ப் பெயர் என் மேஜையில்தான் கிடந்தது, ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அதனால் மறுபடி தொடங்கியபோது பின்னாலிருந்து வந்தேன். 1911 கணக்கெடுப்பில் மாமாவின் தாத்தா. 1901-இல் அவருடைய அப்பா, அதே டவுன்லேண்ட், அதே வீடு. நிலம் கைமாறும்போதெல்லாம் வண்ண மையில் அடித்துத் திருத்திய வரி மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்கள் 1864-இலிருந்து உண்டு, அவையும் அதே காப்பகத் தளத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு, நாடு முழுக்க வரிக்காக நிலத்தையும் வீட்டையும் கணக்கெடுத்த கிரிஃபித்ஸ் மதிப்பீட்டுக்கு வந்தேன். 1847-இல் தொடங்கிய அந்த மதிப்பீடு ஆர்மாவுக்கு வந்துசேர 1864 வாக்கில் ஆகிவிட்டது. அதில் எங்கள் ஆளுக்குப் பதினாலரை ஏக்கர். அங்கிருந்து பின்னால் தாண்டி ஃப்ரீஹோல்டர் பட்டியலில், இந்தமுறை டவுன்லேண்ட் பெயரை வைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தேன். 1819-இல் ஒரு வரி. சரியான ஜேம்ஸ். மதிப்பு: 40 ஷில்லிங்.

அதாவது இரண்டு பவுண்டு. மாமாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

ஃப்ரீஹோல்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் பட்டா வைத்திருக்கும் நிலச் சொந்தக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கால அயர்லாந்தில் சொந்த நிலம் வைத்திருந்தவரும் ஃப்ரீஹோல்டர், 'உயிர்க் குத்தகை' எடுத்தவரும் ஃப்ரீஹோல்டர். குத்தகை இத்தனை வருஷம் என்று இருக்காது. மூன்று பேர் பெயரைப் பத்திரத்தில் எழுதுவார்கள், அந்த மூவரில் கடைசி ஆள் சாகும்வரை நிலம் கையில் இருக்கும். வாடகை போக ஆண்டுக்கு 40 ஷில்லிங் மிஞ்சும் நிலம் என்றால் கவுண்டித் தேர்தலில் ஓட்டு உண்டு. 31 வருஷம், 99 வருஷம் என்று கால வரம்பு போட்டுக் குத்தகை எடுத்தவருக்கு எவ்வளவு பெரிய பண்ணை இருந்தாலும் இந்தப் பட்டியலில் இடம் இல்லை. ஆகவே பட்டியலில் பெயர் இருந்தால் பணக்காரர் என்றும் இல்லை, பெயர் இல்லாவிட்டால் ஏழை என்றும் இல்லை.

கத்தோலிக்கர் கதை இன்னும் சிக்கல். 1728 முதல் 1793 வரை அவர்களுக்கு ஓட்டே கிடையாது. 1793-இல் கொடுத்ததும் பண்ணையார்களுக்குக் கொண்டாட்டம். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து உயிர்க் குத்தகைக்கு விட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு ஓட்டு. அதுவும் வாக்குச்சாவடியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஓட்டு, ரகசிய ஓட்டு 1872-இல்தான் வந்தது. எஸ்டேட் ஏஜென்ட் பக்கத்தில் நிற்பார். பாட்டி பெருமையாக எழுதிவைத்த அந்த ஓட்டு பெரும்பாலும் பண்ணையாரின் ஓட்டுதான், ஜேம்ஸின் வாய் வழியாக வந்திருக்கும். இதை நான் மாமாவிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

இப்போது அந்த 1819 வரிக்கு வருகிறேன். ஒரு நீளப் பக்கம், கோடு போட்ட கட்டங்கள். பெயர், இருப்பிடம், நிலம் இருக்கும் இடம், மதிப்பு, பதிவு செய்த தேதி. பெரும்பாலானோர் அதோடு படத்தை மூடிவிடுகிறார்கள், நானும் முதலில் மூடினேன். இவற்றுக்கு நடுவே 'உயிர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். குமாஸ்தாவுக்கு அவசரம், எழுத்து சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. தன் உயிர். தம்பி ஹியூ. மூன்றாவது: ஆஸ்னபர்க் ஆயர்.

குடும்பத்தில் ஒரு ஆயர்! ஒரு வாரம் மிதந்தேன். ஆர்மா மறைமாவட்ட ஆயர்கள், குருக்கள் பட்டியல் எல்லாம் புரட்டினேன். ஆஸ்னபர்க் என்ற ஊர் அயர்லாந்து வரைபடத்திலேயே இல்லை. இருப்பது ஜெர்மனியில். அதன் ஆயர் யாரென்றால், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் இரண்டாவது மகன் ஃப்ரெடரிக். 1763 ஆகஸ்டில் பிறந்த குழந்தையை 1764 பிப்ரவரியில் ஆயராக்கிவிட்டார்கள். ஆறு மாதக் கைக்குழந்தை. ஜெபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்தச் சமஸ்தானத்தின் வருமானம் அரச குடும்பத்துக்கு வர ஒரு வழி.

ஆர்மாவில் சேற்றில் உழுத ஒரு விவசாயியின் குத்தகையில் ராஜா மகனுக்கு என்ன வேலை? யோசித்தால் புத்திசாலித்தனம்தான். குத்தகை நீள வேண்டுமென்றால் நீண்ட நாள் வாழப் போகிற ஆட்கள் பெயரைப் போட வேண்டும். அதனால் பெரும்பாலும் சொந்தப் பிள்ளைகள். கூடவே அரச குடும்பத்துக் குழந்தை ஒன்று: நன்றாகச் சாப்பிட்டு வளரும், செத்தால் ஊருக்கே தெரியும், பண்ணையாரும் குத்தகைக்காரரும் 'இருக்கிறார், இல்லை' என்று சண்டை போட வேண்டாம். ஐரிஷ் குத்தகைகளில் வேல்ஸ் இளவரசர் பெயரும் இப்படி அடிக்கடி வரும். அவர்களை யாரும் சொந்தக்காரர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், நான் ஒரு வாரம் சேர்த்திருந்தேன்.

ஆனால் அந்த ஆயர் வேறு விதத்தில் உதவினார். ஃப்ரெடரிக் 1784 நவம்பரில் யார்க் கோமகன் ஆனார். அதற்குப் பிறகு எழுதிய பத்திரங்களில் சாதாரணமாக அந்தப் புதுப் பட்டம்தான் இருக்கும். ஆக குத்தகை 1764-க்கும் 1784-க்கும் நடுவில். அதோடு இன்னொரு சட்டம்: கத்தோலிக்கர் உயிர்க் குத்தகை வழியாக ஃப்ரீஹோல்டு பெற 1782-இல்தான் அனுமதி வந்தது, அதுவரை கால வரம்புக் குத்தகைதான். இரண்டையும் சேர்த்தால் இடைவெளி 1782 முதல் 1784 வரை சுருங்குகிறது. பழைய பட்டத்தையே எழுதிக்கொண்டிருந்த சோம்பேறிக் குமாஸ்தாக்கள் இருந்திருக்கலாம், அதனால் இதை முடிவாகக் கொள்ளாமல் தேடும் இடத்தைக் குறுக்க மட்டும் பயன்படுத்தினேன்.

1819-இல் பதிவு செய்த ஜேம்ஸ் அந்தக் குத்தகையை எடுத்தவராக இருக்க வாய்ப்புக் குறைவு. 'உயிராக' எழுதப்பட்ட சிறுவனாக இருந்திருப்பார். எடுத்தவர் அவருடைய அப்பா. யாரும் கேள்விப்படாத இன்னொரு தலைமுறை அந்தக் கட்டத்துக்குள் நின்றிருந்தது.

இதையெல்லாம் கண்டுபிடித்த மிதப்பில் அடுத்த தப்பைச் செய்தேன், இது பெரிய தப்பு. 1830-களின் ஓட்டர் பட்டியல்களில் ஜேம்ஸைத் தேடினேன். இல்லை. அவர் மட்டுமல்ல, அந்த டவுன்லேண்டில் பதிவாகியிருந்த பதினோரு பேரில் ஒருவர்கூட இல்லை. செத்திருக்க வேண்டும், அல்லது கப்பல் ஏறியிருக்க வேண்டும். பதினோரு பேரும் ஒன்றாகச் செத்திருக்க மாட்டார்கள், ஆகவே ஊரோடு கனடா போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கியூபெக் கப்பல்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ராத்திரி பதினொரு மணிவரை லேப்டாப். வீட்டுக்காரர் தோசை சுடக் கற்றுக்கொண்டது அப்போதுதான், அந்த ஒரு நன்மை. கியூபெக் துறைமுகத்துக்கு 1865-க்கு முன் ஒழுங்கான பயணிகள் பட்டியலே கிடையாது என்பதை பிப்ரவரியில்தான் எங்கோ படித்தேன்.

கடைசியில் காப்பகத்தின் வாசிப்பறையில் என் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் கேட்டார். (போட்டோ உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் வாசகர் அட்டை இலவசம். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனா உள்ளே விடமாட்டார்கள்.) அவரிடம் என் பதினோரு பேர் கதையைச் சொன்னேன். "எந்த வருஷத்துக்கு அப்புறம் காணோம்?" என்றார். "1829." அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அவங்க எங்கயும் போகலம்மா. ஓட்டுதான் போச்சு."

ஐரிஷ் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியவில்லை. 1828-இல் கிளேர் கவுண்டி இடைத்தேர்தலில் கத்தோலிக்கர் தலைவர் டேனியல் ஓ'கானல் நின்றார். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது, ஆனால் தேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. 40 ஷில்லிங்காரர்கள் பண்ணையார்களைத் தாண்டிப் போய் அவருக்குப் போட்டார்கள்: அவருக்கு 2,057, எதிர்த்து நின்ற அமைச்சர் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982. லண்டன் அரசு மறுவருஷமே கத்தோலிக்கர் நாடாளுமன்றம் போகச் சட்டம் போட்டது. கூடவே இன்னொரு சட்டம்: அயர்லாந்துக் கவுண்டிகளில் ஓட்டுக்கு இனி 10 பவுண்டு மதிப்பு வேண்டும். 2,16,000 பேர் இருந்த வாக்காளர் எண்ணிக்கை ஒரே அடியில் சுமார் 37,000. ஓ'கானலை ஜெயிக்கவைத்த ஆட்களின் ஓட்டைப் பிடுங்கித்தான் ஓ'கானலுக்கு நாற்காலி கொடுத்தார்கள். ஜேம்ஸ் ஆர்மாக்காரர், கிளேர் பக்கமே போயிருக்க மாட்டார், ஆனாலும் அவர் ஓட்டும் அதோடு போனது.

அதன் பிறகு பெயர் காணாமல் போகும் இடத்திலெல்லாம் முதலில் அந்த வருஷம் என்ன சட்டம் வந்தது என்று பார்க்கிறேன். 1793, 1829, 1832, 1850. இந்த நாலு வருஷத்திலும் ஓட்டுரிமை விதி மாறியிருக்கிறது, பட்டியல் திடீரென வீங்கும் அல்லது மெலியும்.

பெரியவர் அங்கேயே தசமபாகக் கணக்கைப் பார்க்கச் சொன்னார். கத்தோலிக்கர், பிரஸ்பிடேரியன் என்று எந்தச் சபையாக இருந்தாலும் அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபைக்கு நிலத்துக்குத் தசமபாகம் கட்ட வேண்டும், அதற்காக 1823-க்கும் 1837-க்கும் நடுவே தேவாலயப் பங்கு வாரியாக எழுதிய புத்தகங்கள் அவை. ஜேம்ஸ் இருந்தார். ஓட்டுப் போன பிறகும் அதே டவுன்லேண்டில், 9 ஏக்கரோடு. பதினோரு பேரில் எட்டுப் பேர் அப்படியே இருந்தார்கள். ஓட்டைப் பிடுங்கினாலும் வரியை விடவில்லை.

9 ஏக்கர் எப்படி 1864-இல் பதினாலரை ஆனது? பிழைத்துப் பணக்காரர் ஆகிவிட்டார்கள் என்று மாமா துள்ளினார். இல்லை. தசமபாகப் புத்தகங்கள் பலவற்றில் ஐரிஷ் ஏக்கர், கிரிஃபித்ஸில் ஆங்கில ஏக்கர். ஒரு ஐரிஷ் ஏக்கர் என்றால் 1.62 ஆங்கில ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், 14.58. ஒரு கைப்பிடி மண்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவில் பெரும் பஞ்சம் வந்துபோயிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. மாமாவுக்கு அவ்வளவாகப் படவில்லை.

மிச்சம் இருந்தது அந்தக் குத்தகை. டப்ளினில் 1708-இலிருந்து ஆவணப் பதிவகம் உண்டு, 1922 தீயிலும் தப்பியது. ஆனால் சின்னக் குத்தகைக்காரர்கள் காசு செலவழித்துப் பதிவு செய்வது அபூர்வம். எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது பண்ணையார் பக்கத்திலிருந்து. சில ஃப்ரீஹோல்டர் பட்டியல்களில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தப் பெயரை வைத்துக் காப்பகத்தில் எஸ்டேட் காகிதங்களைக் கேட்டேன். எல்லாப் பண்ணையின் காகிதங்களும் தப்பவில்லை, இது தப்பியிருந்தது. 1832-இல் எழுதத் தொடங்கிய வாடகை வசூல் புத்தகம், தோல் அட்டை, பிரித்தால் விரலில் செம்பழுப்புத் தூள்.

எங்கள் டவுன்லேண்ட். குத்தகைத் தேதி 1783 மே 1. வாடகை மேயிலும் நவம்பரிலும் கட்டுவது வழக்கம், குத்தகைகளும் அந்தத் தேதிகளில்தான் தொடங்கும். எடுத்தவர் பெயர்: ஜேம்ஸின் அப்பா. முதன்முதலாக அவர் பெயரைப் பார்த்தேன். அதன் கீழே மூன்று உயிர்களும் பத்திரம் எழுதியபோது இருந்த வயதும். ஜேம்ஸ், 9. ஹியூ, 6. ஆயருக்கு வயது போடவில்லை, தேவையும் இல்லை. ஞானஸ்நானப் புத்தகம் இல்லாத ஒரு பங்கில், ஒரு ஏழைப் பையனின் பிறந்த வருஷம் 1774 வாக்கில் என்று ஒரு வாடகைக் கணக்கிலிருந்து கிடைத்தது. அண்ணன் தம்பிக்குப் பதில் பெண் பிள்ளைகளை உயிராக எழுதிய குத்தகைகளும் அதே புத்தகத்தில் இரண்டு இருந்தன. ஓட்டர் பட்டியலில் பெண்கள் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த 'உயிர்கள்' கட்டத்தில்தான்.

மூன்று பெயர்களுக்கு எதிரே ஏஜென்ட் அவ்வப்போது குறிப்பு எழுதியிருக்கிறார். ஆயருக்கு நேரே 'இறந்தார்', ஃப்ரெடரிக் 1827 ஜனவரியில் காலமானார், பத்திரிகையில் வந்திருக்கும். ஜேம்ஸுக்கு நேரே வேறு மையில் '1841'. ஹியூவுக்கு நேரே பென்சிலில் ஒரே சொல், அதன் பக்கத்தில் கேள்விக்குறி: 'அமெரிக்கா?'

அந்தக் கேள்விக்குறியில் ஒன்பது ஏக்கர் தொங்கிக்கொண்டிருந்தது. உயிராக எழுதப்பட்டவர் ஏழு வருஷம் கடல் கடந்துபோய் தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று ஐரிஷ் சட்டம் 1695-இலேயே சொல்லியிருந்தது. ஹியூ உயிரோடு இருக்கிறார் என்று ஒரு கடிதம் வந்தால் நிலம் குடும்பத்துக்கு, வராவிட்டால் பண்ணையாருக்கு. 1845 வரை அந்தப் புத்தகத்தில் வாடகை மாறவே இல்லை. ஆகக் கடிதம் வந்திருக்கும் போலிருக்கிறது.

மாமா அன்றைக்கு அந்தப் பக்கத்தின் போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிஸ்கட் டின்னை எடுத்து, யாரென்று தெரியாத அந்த இரண்டு போட்டோக்களையும் திருப்பிப் பார்த்தார். ஒன்றின் முதுகில் ஸ்டூடியோ முத்திரை: பிலடெல்பியா. ஹியூ காலத்துக்கு அது ரொம்பப் பிந்தியது, அவர் பேரப்பிள்ளைகளாக வேண்டுமானால் இருக்கலாம்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு 1820-இலிருந்து பயணிகள் பட்டியல் இருக்கிறது. ராத்திரி லேப்டாப் மறுபடி திறந்தாயிற்று. வீட்டுக்காரர் மாவு அரைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.